பேஸ்மெண்டுக்கு இறங்கிவந்த தலாக்

எங்கள் பள்ளிவாசல் ஒரு காலத்தில் போலந்துக்காரர் ஒருவரின் சோபாக் கடை. கடை கைமாறியபோது சோபா விற்ற பெரிய கூடம் ஆண்களுக்கு வந்தது. விற்காத சோபாக்களைப் போட்டுவைத்திருந்த பேஸ்மெண்ட் பெண்களுக்கு வந்தது. நியாயமான பங்கீடு என்று கமிட்டி சொன்னது. கோடையில் அங்கே நாங்கள் பிரியாணியாக வெந்துபோவோம். குளிர்காலத்தில் விட்ட மூச்சு உறைந்து முஸல்லா விரிப்பில் டொக்கென்று விழும். இமாம் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்கு நெடுநாள் தெரியாது. எங்களுக்கு அவர் ஒரு குரல் மட்டும்தான். சுவரில் அறைந்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டி வழியாக அந்தக் குரல் கீழே இறங்கும். கீழிருந்து மேலே எதுவும் போகாது. நாங்கள் கூட்டமாகச் செத்துப்போயிருந்தால்கூட மய்யித்து வாடை ஏறித்தான் மேலே தெரிந்திருக்கும்.

ஒருமுறை எல்லோரும் ஸஜ்தாவில் இருக்கும்போது பெட்டி செத்துவிட்டது. நெற்றியைத் தரையில் வைத்தபடி அடுத்த தக்பீர் வரும் வரும் என்று கிடந்தோம். வரவில்லை. மேலே ஆண்கள் தொழுது முடித்து, காரெடுத்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஏப்பமும் விட்டாயிற்று. கீழே நாங்கள் அல்லாஹ்வுக்கு மிக நெருக்கமாகக் கிடந்தோம். முழங்கால் தேய்ந்து நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவள் நான் ஒருத்திதான். நான்தான் கடைசியில் எழுந்து, போதும் எழுந்திருங்கள் என்றேன்.

மிச்சிகனில் ஹாம்டிராமிக் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கியே கிழவியானவள் நான். இப்போது ஓய்வு. பெயர் லுத்ஃபா. என் கணவர் மோஷாரஃப் பள்ளிவாசல் கமிட்டியின் பிரசிடென்ட். பங்களாதேஷில் சில்ஹெட் சந்தையில் மீன் ஏலம் கூவிய தொண்டை அவருக்கு. அவர் ரகசியம் பேசினால் கனடாவில் கேட்கும்.

இனி ஹுஸ்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்கா ஜொய்துனுடைய மருமகள் அவள். ஜொய்துனின் மகன் ஜுபாயர் இவளைக் கட்டி மிச்சிகனுக்கு அழைத்துவந்தான். பிறகு, லண்டனில் வேலை என்று போனவன் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இவளோ, சக்கர நாற்காலியில் விழுந்த மாமியாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, முதுகெலும்பு கோணி, தூக்க மாத்திரை போட்டும் தூக்கம் வராமல் நாளை ஓட்டினாள். கோர்ட் எப்போதோ விவாகரத்து கொடுத்துவிட்டது. ஆனால் கோர்ட்டுக்குத் தெரிந்தால் போதுமா? பள்ளிவாசல் சொல்ல வேண்டும். ஜுபாயர் தலாக் சொல்ல வேண்டும், அல்லது மனைவி கேட்கும் விலக்கான குலாவைக் கமிட்டி வாங்கித்தர வேண்டும். அதுவரை அவள் ஜுபாயரின் மனைவிதான். ஊர் அப்படித்தான் நினைத்தது, அவளும் அப்படித்தான் நினைத்தாள். மனைவியை இழந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர், நல்ல மனிதர், பெண் கேட்டு ஆளனுப்பியபோது, இன்னொருத்தன் பெண்டாட்டியிடம் இப்படிக் கேட்கலாமா என்று அழுது கதவைச் சாத்தியவள் அவள். மாதாமாதம் கமிட்டி கூடும் வெள்ளிக்கிழமை குலா கேட்டு மனு கொடுப்பாள். பொறுமையாக இரு, ஜுபாயருக்கு எழுதியிருக்கிறோம் என்று பதில் வரும்.

அந்த வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் கலைந்தார்கள். கமிட்டிக்காரர்கள் மட்டும் இமாமைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனார்கள். கீழே நாங்கள் நாற்பது பெண்கள் கிச்சடியும் ஜிலேபியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஹுஸ்னா சாப்பிடவில்லை. மாமியாருக்கு ஊட்டியபடி, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

அப்போது பெட்டி தும்மியது.

இமாம் சட்டையில் மாட்டிய மைக்கை அணைக்க மறந்து அப்படியே ஆபீஸுக்குள் போயிருக்கிறார். நாற்காலி இழுபடுகிற சத்தம் வந்தது. தேநீர் உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பொருளாளர் பிஸ்கட் கடித்தது எருமை கரும்பு கடித்த மாதிரி கேட்டது. பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். இத்தனை வருஷத்தில் கமிட்டி என்ன பேசுகிறது என்று நாங்கள் கேட்டதே கிடையாது. நல்ல மனசுக்காரி ஒருத்தி மேலே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். நான் நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டேன். பஸ் கதவை அடைத்துப் பழகியவள். என்னைத் தாண்டி ஒரு கொசு போகமுடியாது.

முதலில் இமாமின் குரல். "மோஷாரஃப் சாஹேப், அந்தப் பொண்ணு ஹுஸ்னா இன்னிக்கும் மனு குடுத்திருக்காங்க. எத்தனை தடவைதான் பொறுமையா இருன்னு சொல்றது? ஜுபாயருக்கு நானே எழுதிப் பாக்கறேனே."

அடுத்தது என் வீட்டுக்காரர் குரல். பெட்டி அதிர்ந்தது.

"எழுத வேணாம் ஹுசூர். அவன்தான் எப்பவோ சொல்லிட்டானே."

"என்ன சொல்லிட்டாரு?"

"தலாக்தான். மூணு தடவையும் முழுசா சொல்லிட்டான். என்கிட்டதான் ஃபோன்ல சொன்னான், அந்த லண்டன்காரிய கட்டறதுக்கு முந்தி. ஆச்சு, மூணு வருஷம் இருக்கும்."

என் வாயில் இருந்த ஜிலேபி கல்லாகிவிட்டது. நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் வாயை மூடியதை உலகம் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு கைக்குழந்தைகூட அழுதுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பார்த்தது.

இமாம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் வந்தது. பிறகு கேட்டார். "அவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா?"

"சொன்னா போயிடுவாளே. எங்க அக்காவ யாரு பாக்கறது? நான்தான் ஜுபாயர்கிட்ட மூச்சு விடாதேன்னேன். என் வீட்டுல இருக்கறது பஸ் டிரைவர். அவ அக்காவ ஏத்தி இறக்குவா, கழுவி விடமாட்டா."

யாரோ சிரித்தார்கள். பொருளாளராகத்தான் இருக்கும், வாயில் பிஸ்கட் இருந்தது.

ஜொய்துனுக்குக் காது மந்தம். தம்பி குரல் என்பது மட்டும் விளங்கி, "மோஷா என்ன சொல்றான்? மழை வருமாமா?" என்று உரக்கக் கேட்டாள்.

எல்லோரும் ஹுஸ்னாவைப் பார்த்தோம். மயங்கி விழுவாள் என்று ஒருத்தி தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்றாள். ஹுஸ்னா விழவில்லை. கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள், மாமியாரின் தாடையில் ஒழுகியிருந்த கிச்சடியைப் பார்த்தாள், வழக்கம்போல அதைத் துடைத்தும் விட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமி, அப்போ மூணு வருஷமா நான் கழுவி விட்டது யாரோட மாமியாரை?"

சொந்தப் புருஷனின் குரலில் இப்படி ஒன்றைக் கேட்டால் உடம்பு என்ன செய்யும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காது சில்லிட்டுப் போகிறது. அவர் தட்டில் நான் போட்ட சோறெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அதோடு இன்னொன்றும் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. ஹுஸ்னா விடுபட்டால் ஜொய்துன் எங்கே போவாள்? வேறெங்கே, என் வீட்டுக்குத்தான். நான் தேய்ந்த முழங்காலோடு கழுவி, துடைத்து, புரட்டிப் போட வேண்டும். கதவு என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. யாரும் எதுவும் கேட்காத மாதிரி எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன என்று ஒரு மூச்சு நேரம் நினைத்தேன். அந்த மூச்சு ஓஹியோவரை நீளமாக இருந்தது.

பிறகு எழுந்து நாற்காலியைத் தள்ளினேன்.

ஆண்களின் கூடத்துக்குப் போகும் படிக்கட்டில் நாங்கள் ஏறினோம். செருப்பில்லாத நாற்பது ஜோடிக் கால்கள் ஏறியதில் போலந்துக்காரர் கட்டிய கட்டடமே ஒரு அடி மேற்கே நகர்ந்திருக்கும். ஆபீஸ் கதவைத் திறந்ததும் கமிட்டி முழுவதும் நடு உறிஞ்சலில் அப்படியே நின்றது. இமாமை அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். மீசை சரியாக முளைக்காத பிள்ளை. என் பார்வை போன இடத்தைப் பார்த்துத் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் முகமும் அதே நிறத்துக்கு வந்தது.

என் கணவர் சுதாரித்துக்கொள்ளப் பார்த்தார். பெண்கள் மேலே வரக்கூடாது என்றார். நாங்கள் தப்பாகக் கேட்டிருப்போம் என்றார். அவர் பேசியது வேறு ஜுபாயர் என்றார். ஜுபாயர்களுக்கு உலகத்தில் பஞ்சமா என்றும் கேட்டார். எதுவும் எடுபடவில்லை என்றதும் சட்டத்துக்குப் போனார்.

"சரி, நான் சொன்னேன்னே வெச்சுக்க. சாட்சி யாரு? பொம்பளைங்க சாட்சி செல்லுமா? ஒரு ஆம்பளைக்கு ரெண்டு பொம்பளை வேணும். தெரியுமில்ல?"

"தெரியும்," என்றேன். "அதான் நாப்பது பேரக் கூட்டிட்டு வந்திருக்கேன். வகுத்துக்குங்க. இருபது ஆம்பளை நிக்கறாங்க உங்க முன்னாடி."

பொருளாளருக்கு பிஸ்கட் புரையேறியது. என் கணவர் இமாமைப் பார்த்தார். இமாமின் சம்பளமும் விசாவும் அவர் கையில். அது எங்களுக்கும் தெரியும், இமாமுக்கும் தெரியும். பையன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலும் மைக் வழியாகக் கீழே ஜொய்துன் மட்டும் உட்கார்ந்திருந்த பேஸ்மெண்டில் போய் எதிரொலித்தது.

"ஒரு ஆணும் ரெண்டு பெண்ணும் இருந்தா போதும் சாஹேப். அந்த ஆண் நான். நானும் கேட்டேன்." மிச்சம் முப்பத்தெட்டுப் பேர் எதற்கு என்பதுபோல எங்களைப் பார்த்தார். பிறகு ஹுஸ்னாவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "தலாக் சொன்ன நாள்லேர்ந்தே இத்தா கணக்கு, அந்தக் காத்திருப்புக் காலம். உங்களுக்குத் தெரியாட்டியும் அப்பவே முடிஞ்சுபோச்சு, பெஹன். நீங்க மூணு வருஷமா யாரோட மனைவியும் இல்ல. எங்களை மன்னிச்சுடுங்க."

கைதட்டவில்லை யாரும். தட்டுவோம் என்று நினைத்தேன். விடுதலைச் செய்தி இழவுச் செய்தி மாதிரி இறங்கியது. ஹுஸ்னா விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினாள். பாதியில் விட்டுவிட்டாள்.

பழைய சோபாக்களை ஏற்றி இறக்கிய சரிவுப் பாதை ஒன்று பேஸ்மெண்டின் பின்பக்கம் உண்டு. ஹுஸ்னா அதன் வழியே ஜொய்துனைக் கார் நிறுத்தும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் கணவரையும் நான் அங்கே கூட்டிவந்திருந்தேன். கூட்டிவந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஹுஸ்னா நாற்காலிக்கு முன் குந்தி உட்கார்ந்து, ஜொய்துனின் காதோடு வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். ஜொய்துனின் கண் சுருங்கிச் சுருங்கி விரிந்தது.

"உன்னைப் புடிச்சு வெச்சது என் மகன் இல்லையா?" என்றாள் கடைசியில். "நீ என் மேல எத்தனை தடவை எரிஞ்சு விழுந்தே. புருஷன் வீட்டுக் கடமையில வர்ற சலிப்புன்னு நானும் வாங்கிக்கிட்டேனே." பிறகு தம்பியைப் பார்த்தாள். "மோஷா, என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

பிரசிடென்ட்டுக்கு, கனடாவரை கேட்கும் அந்தத் தொண்டையில், குரலே எழவில்லை.

ஹுஸ்னா எழுந்து நாற்காலிப் பிடியிலிருந்து கையை எடுத்தாள். அவள் கை அப்படியே வளைந்த வாக்கில் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. என்னை யாரும் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். "அக்கா எங்க வீட்டுக்கு வர்றாங்க. ஏத்தி இறக்கறது நான். மத்ததெல்லாம் தம்பிக்காரர். வெக்கப்படற வேலைக்கெல்லாம் ஒரு நர்ஸம்மாவ அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும்." அவர் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

ஹுஸ்னா காரின் பின்கதவைத் திறந்து வைத்தாள். ஜொய்துனைத் தூக்கி இருக்கையில் உட்காரவைத்தாள், பெல்ட்டைப் போட்டாள், முந்தானையைச் சரிசெய்தாள். எல்லாம் கடைசித் தடவை என்று கை அறியாமலே செய்தது. காலியான நாற்காலியை என் கணவர் பக்கம் தள்ளினாள்.

"மோஷாரஃப் பாய், பிரேக்க மிதிச்சுட்டு மடக்குங்க. இல்லேன்னா விரல் மாட்டிக்கும்."

எங்கள் ஊர் மருமகள் செத்தாலும் மாமனார் முறை ஆளின் பெயரைச் சொல்லமாட்டாள். கடைக்காரருக்கு அதே பெயர் என்றால் கடையையே மாற்றிக்கொள்வாள். ஹுஸ்னா இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை மாமா என்றே அழைத்தாள், அதுவும் முக்காட்டுக்குள்ளிருந்து. இப்போது பேர் சொல்லி, பாய் என்று, வழியில் போகும் அண்ணனிடம் பேசுவதுபோலச் சொல்கிறாள். மூன்று தலாக்கில் உறவு அறுந்ததை அவர் நம்பினாரோ இல்லையோ, இதைக் கேட்டு நம்பினார். கன்னத்தில் அறைந்தால்கூட அவர் முகம் அப்படி ஆகியிருக்காது.

குனிந்து பிரேக்கைத் தேடினார். ஹுஸ்னா நின்று பார்க்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கானண்ட் சாலைப் பக்கம் நடந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"அந்தப் பக்கம் இல்லடா," என்று காருக்குள்ளிருந்து ஜொய்துன், பிரேக்கைத் தேடும் தம்பியைப் பார்த்துக் கத்தினாள். "கீழ பாரு, கீழ."