முப்பத்தொரு புள்ளிகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பருந்து என்று பெயர். செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் படங்களை வருடவாரியாக அடுக்கிவைத்து, எங்கே காடு குறைந்தது, எங்கே வயல் வீடாகிப்போனது, எங்கே குளம் சுருங்கியது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பக்கத்து மேசைக்காரிக்கு வெறும் பச்சையாகத் தெரியும் இடத்தில் இவள் நாலு மரம் குறைவதைக் கண்டுபிடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. திறமை இருக்கிற இடத்துக்கு அது கூடவே வந்துவிடுகிற சாமான்தானே.

மூன்று மாதமாக மலைக்காட்டுப் படங்களிலேயே மூழ்கிக் கிடந்தவள், ஒரு திங்கட்கிழமை காலை சுவரில் மாட்டியிருந்த புது வரைபடத்தைப் பார்த்தாள். பொறி தட்டியது. ஊருக்குத் தெற்கே போன வருடம் வரை கருநீலமாக இருந்த சதுப்பு நிலம் முழுக்க இப்போது வெளிறிய பழுப்பு. பழுப்பு என்றால் தரிசு. முந்நூறு ஏக்கர் சதுப்பு ஒரே வருடத்தில் எங்கே போகும்?

கோடையில் கோரைப்புல் காய்ந்து மூடிக்கிடக்கும்போது மேலிருந்து பார்த்தால் சதுப்பும் தரிசும் ஒரே நிறம்தான். கணினி குழம்பிவிடும். அதனால் ஓர் ஆள் நேரில் போய்க் காலால் மிதித்துப் பார்த்துச் சொல்லவேண்டும். அப்படி முப்பத்தொரு புள்ளிகளில் நின்று பார்த்துவிட்டு வந்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய அத்தான், சொந்த அக்காவின் கணவர். நோட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எழுத்து: ச என்றால் சதுப்பு, த என்றால் தரிசு. அந்த நோட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றியவள் பருந்துதான். முப்பத்தொன்றும் 'த'. ஏற்றும்போது அது வெறும் எண்ணும் எழுத்துமாக இருந்தது, எந்த இடம் என்று அவள் பார்க்கவில்லை. பிறகு இவள் மலைக்காட்டில் மூழ்கியிருந்தபோது, அதற்கு நிறம் போட்டு வெளியிட்டுச் சுவரில் மாட்டியது பக்கத்து மேசைக்காரி.

மத்தியானம் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தாள். சாலையோரம் லாரிகள் வரிசைகட்டி நின்று, இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் கோரைக்குள் கொட்டிக்கொண்டிருந்தன; லாரி முதலாளி பக்கத்தில் நின்று இடம் காட்டிக்கொண்டிருந்தார். கிழக்கு மூலையில் நாற்பது ஏக்கருக்குக் குறையாமல் நிரவிவிட்டார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் பக்கத்துத் தெருவில் கணுக்கால் அளவு தேங்கி நின்றது. மழை பெய்து எட்டு நாள் ஆகியிருந்தது. நாரைகள் நிரவாத பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தெருவிலிருந்த கடைக்காரர், "தரிசுன்னு அரசாங்க மேப்புலயே போட்டிருக்காம்மா, யாரு போய்க் கேக்கிறது?" என்றார்.

அத்தான் விலைபோய்விட்டார் என்ற எண்ணம் அங்கேயே, அந்தக் கடை வாசலிலேயே, மனதில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அக்காவும் அத்தானும் கீழ்வீடு, இவள் மாடி. அன்று முதல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அத்தானைக் கவனித்தாள். கவனித்தால் எதுதான் கிடைக்காது? அவர் கையில் புதுப் போன் இருந்தது. பழையது எங்கே என்றால் "அது போச்சு" என்று பேச்சை மாற்றினார். வியாழக்கிழமை கடைத்தெருவில், சதுப்பில் மண் கொட்டுகிற அந்த லாரி முதலாளியோடு தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கை இறங்கியது. பருந்துக்கு அது போதாதா?

சாப்பிடும்போது மெல்ல வாயைக் கிளறினாள்.

"அத்தான், அந்தத் தெற்கு சதுப்புக்கு நீங்க நேர்ல போனீங்கதானே?"

"போகாம? ரெண்டு நாள் அங்கதான் கெடந்தேன்."

"முப்பத்தொரு எடத்துலயும் எறங்கிப் பாத்தீங்களா?"

தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னம்மா, விசாரணையா?"

அக்கா குறுக்கே விழுந்தாள். "ஏண்டி, ஆபீஸ ஆபீஸ்லயே விட்டுட்டு வரமாட்டியா? மனுஷன் அங்கேருந்து இடுப்பு வரைக்கும் நாறிப்போய் வந்தாரு. தொவைச்சவ நான்."

சப்பைக்கட்டு கட்டுகிறாள் என்று தங்கை நினைத்தாள். பாவம், அக்காவுக்கு என்ன தெரியும், புருஷன் சொன்னதைச் சொல்கிறாள். சந்தேகம் வந்துவிட்டால் நல்ல சாட்சிகூடக் கள்ளச் சாட்சியாகத்தான் தெரிகிறது. அன்று அவள் காதில் விழுந்ததைக் கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் அக்கா வீட்டில் பிளவு, கேட்காவிட்டால் சதுப்பு மண்ணோடு மண். இரண்டு நாள் திண்டாடிவிட்டு மூன்றாவதாக ஒரு வழி பிடித்தாள். இயக்குநர் அம்மாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம். ஊர் பேர் இல்லாமல், கணினியில் அடித்து, உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தாள். 'களப்பணியாளர் சதுப்பு நிலத்தைத் தரிசு என்று பொய்யாகக் குறித்துள்ளார். லாரி முதலாளியுடன் அவருக்குத் தொடர்பு உண்டு.' இரண்டே வரி. அத்தானோ ஒப்பந்த ஆள். இது நிரூபணமானால் வேலை போகும், வேறெங்கும் சேர்க்கவும் மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டாள்.

அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு அறைக்குக் கூப்பிட்டார்கள். அத்தான், பருந்து, பக்கத்து மேசைக்காரி, ஜீப் ஓட்டுநர். இயக்குநர் அம்மா மேசைமேல் கடிதத்தையும் களநோட்டையும் வைத்திருந்தார். கடிதத்தை வாசித்தார். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"பொய்யா நான் எதையும் எழுதல மேடம்."

"வழக்கமா போன்லதானே பதிவு பண்ணுவீங்க? இதுக்கு மட்டும் ஏன் நோட்டு?"

"போன் மொத நாளே சேத்துல விழுந்துடுச்சு. எடுக்கப்போயி நானும் எறங்கிட்டேன். இடுப்பு வரைக்கும். ஜீப்பு தூரத்துல நின்னுச்சு. இந்த லாரி மொதலாளிதான் அந்தப் பக்கம் எடம் பாக்க வந்தவரு, கயிறு போட்டு இழுத்தாரு. அதுலேருந்து எங்க பாத்தாலும் 'என்ன சார், இன்னிக்கு எந்தச் சேத்துல குளியல்'னு கிண்டல் பண்ணுவாரு. வெக்கமா இருந்ததால வீட்டுல சொல்லல."

இயக்குநர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தரிசுல போன் மூழ்காதே."

"தரிசுன்னு யாரு மேடம் சொன்னது? நான் முப்பத்தொண்ணும் சதுப்புன்னுதானே எழுதினேன்!"

நோட்டு கைமாறியது. அத்தான் விரல் வைத்துக் காட்டினார். "இங்க பாருங்க. ச, ச, ச."

"இதெல்லாம் த மாதிரியில்ல இருக்கு?"

"'ச'தான் மேடம். நின்னுக்கிட்டே எழுதினதுல வால் கொஞ்சம் கீழ தொங்கிடுச்சு. என் த இது." பக்கத்தைப் புரட்டி, முப்பத்தொன்றில் சேராத, சதுப்புக்கு வெளியே உள்ள மேட்டு நிலத்துப் புள்ளி ஒன்றைக் காட்டினார். அதில் வால் தொங்கவில்லை, இடதுபக்கம் சுருண்டு மேலே ஏறியிருந்தது. ஒரு வெற்றுத் தாளில் இரண்டையும் எழுதச் சொன்னார் அம்மா. எழுதினார். ச தொங்கியது, த சுருண்டது. ஓட்டுநர்கூட எட்டிப் பார்த்து, "அட, ஆமா" என்றார்.

"இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினது யாரு?"

பருந்து நோட்டைக் குனிந்து பார்த்தாள். அந்தக் கையெழுத்தை அவள் வேறு எங்கும் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. மாடிப்படியில் 'சாயங்காலம் தண்ணீர் வரும், தொட்டியைத் திற' என்று அவர் எழுதி ஒட்டுகிற சீட்டுகளில் வாரம் இருமுறை பார்ப்பதுதான். முழுச் சொல்லாக இருந்தால் யாரும் தடுமாறமாட்டார்கள். ஒற்றை எழுத்தாக நின்றதும் அவள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள். அதன் பிறகு இன்றுவரை ஒருமுறைகூட நோட்டை எடுத்துப் பார்க்கவில்லை. தன் கண்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

"நான்தான் மேடம்" என்றாள்.

அம்மா கத்தவில்லை. மண் கொட்டுவதை நிறுத்தச் சொல்லி அப்போதே தொலைபேசியை எடுத்தார். பேசி முடித்து வைத்துவிட்டு, "மீதிய நிறுத்தலாம். கொட்டின நாப்பது ஏக்கர யாராலயும் அள்ள முடியாது" என்றார்.

அத்தான்தான் வாயைத் திறந்தார். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். என் எழுத்து அப்படி. தப்பு ரெண்டு பேர் மேலயும்தான்."

மாலையில் அத்தானின் ஸ்கூட்டரில் வீடு திரும்பினாள். அவர் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். எழுத்து தப்பானதில் அவருக்குத் துளிக் கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் இந்த 'ச'வுக்காகவே வாங்கிய அடியைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை அறைந்ததுபோல் இருந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது அவர் குரல் மாறியது.

"ஆனா அந்த மொட்டைக் கடுதாசி எழுதினவன விடமாட்டேன். நம்ம ஜீப் டிரைவர்தான். வேலை நேரத்துல ஜீப்ப எடுத்துட்டுப் போய் மாமனார் வீட்டுச் சாமான ஏத்தினான்ல, அத நான் கேட்டேன். அந்த வஞ்சம். இன்னிக்கு ரூம்ல எப்படி எட்டி எட்டிப் பாத்தான் பாத்தியா? பாத்த அன்னிக்கே எனக்கு அவனப் புடிக்கல. நாளைக்குச் சட்டையப் புடிக்கிறேன்."

அவர் சொல்வது எல்லாம் பொருந்திப் போயிற்று. வஞ்சம், பார்வை, எல்லாமே. ஒரு வாரமாக அவள் தனக்குள் சேர்த்ததும் இப்படித்தான் பொருந்தியது. வாயை மூடிக்கொண்டால் தப்பித்துவிடலாம். ஓட்டுநருக்கு இரண்டு பிள்ளைகள்.

"டிரைவர் இல்ல அத்தான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதினேன்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை ஓரத்துக்குத் தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அவள் இறங்கி முன்னால் வந்து நின்றாள்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார். பிறகு தானே திருத்திக்கொண்டார். "கேட்டே. ஆனா நான் சொன்னத நம்பல, இல்ல?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"ஏறு" என்றார். "இத உங்க அக்காகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அவ நம்பமாட்டா. தங்கச்சி மேல பழி போடறேன்னுதான் சொல்லுவா."