கேசட்டில் இல்லாத ஒன்பது நாள்

முழங்கால் இரண்டும் காலையிலிருந்தே விண்விண் என்று தெறித்தன. நாலு விசைத்தறிக்கு நடுவே பொழுதெல்லாம் நடந்தால் வேறென்ன ஆகும். ஆனால் அன்று வலியை நான் மதிக்கவே இல்லை. இடுப்பில் மெர்சியக்காவின் வாக்மேன், காதில் என் கதை.

என் கதை என்றால் நான் எழுதியதல்ல. சோமனூர் நூலகத்தில் மூன்று தரம் எடுத்துப் படித்தது. செங்கா என்கிற பெண் ஒன்பது நாள் பாறை உடைத்து, மலைக்குள் தூங்கும் கல்குதிரையை எழுப்பி, வானத்தில் ஏறிப் போவாள். பக்கத்துத் தறிகளை ஓட்டும் மெர்சியக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் ஏய்த்துவிட்டேன். கோயமுத்தூர் போனபோது அதே கதையைக் கேசட்டாகப் பார்த்து அவளே வாங்கி வந்தாள்.

"மொதல்ல நீ கேளு கண்ணு. நல்லாருக்குதுன்னு சொன்னீன்னா நான் கேக்கறேன்."

குதிரை கனைத்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. படிக்கும்போது ஒரு தரம்கூடக் கேட்காத சத்தம். மலை பிளந்து சிறகு விரிந்தபோது நான் பட்டறையிலேயே இல்லை.

முதுகில் ஓர் அடி விழுந்தது. மெர்சியக்கா என் மூன்றாம் தறியை நிறுத்தியிருந்தாள். பாவு நூலில் ஓர் இழை அறுந்து, பக்கத்து இழைகளையும் சுற்றி இழுத்து, ஒரு சாண் துணி சல்லடையாகிக் கிடந்தது. பன்னிரண்டு தறி இரைச்சலில் ஒரு தறியின் சத்தம் மாறியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் குதிரைதான் கேட்டது.

இருவரும் குனிந்து முடிச்சுப் போடும்போதே கரண்டு போனது.

"கதை எப்படி?" என்றாள்.

கனைப்பைச் சொன்னேன். மூச்சு வாங்கச் சொன்னேன். பிறகு அடக்க முடியாமல் செங்காவின் குரலையும் சொன்னேன். பாறை உடைக்கிறவள் குரலா அது. மெர்சியக்கா வாக்மேனை வாங்கிக் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இந்தப் புள்ள சம்மட்டிய ரெண்டு வெரல்லதான் புடிச்சிருப்பா போல."

அதையாவது பொறுக்கலாம். ஒன்பது நாளையும் கேசட்டில் ஒரு வீணைச் சத்தத்தில் முடித்துவிட்டார்கள். வீணை நின்றதும் குதிரை எழுந்து நிற்கிறது.

"அப்ப சும்மாவா எந்திரிச்சுது?"

"இல்லீங்கக்கா. அவ ஒடச்சது பூராத்தையும் உட்டுப்போட்டாங்க."

அவள் கேசட் டப்பாவை முந்தானையில் துடைத்து மடியில் வைத்தாள். ஆசையாக வாங்கியது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றிருந்தது. வாக்மேனை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீ சொல்லு."

முதல் நாள் செங்காவின் கை கொப்பளித்ததிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் நாள் கொப்பளம் உடைந்து சம்மட்டிப் பிடி வழுக்கியது. நாலாம் நாள் கை மரத்துச் சோற்றைப் பிசைய முடியவில்லை. மெர்சியக்காவின் விரல்கள் பார்க்காமலே முடிச்சுப் போட்டன. கண் என் வாயில் இருந்தது. ஆறாம் நாள் பாறையில் காதை வைத்தால், உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள்.

"மூச்சா?"

கரண்டு வந்துவிட்டது. அவள் தன் தறிகளுக்கு ஓடினாள். நாலையும் கிளப்பிவிட்டு, இரைச்சலுக்கு மேலே வாயசைத்துக் கேட்டாள்: அப்பறம்?

நான் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினேன். மெர்சியக்காவுக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி.