கூண்டின் மேல் போட்ட பழி

புருல் தன் தையல் மேசையை ஜன்னலோரத்திலிருந்து வாசல் பக்கம் இழுத்துப் போட்டதே அந்த நாற்றத்துக்குப் பயந்துதான். கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில், பழைய அடுக்குமாடி ஒன்றில், ஓர் அறையும் சமையலறையும் மட்டும் உள்ள வீடு. ஜன்னலோரக் கட்டிலில் அவள் கணவன் சாகின் படுத்திருந்தான். கட்டிலை ஒட்டி ஒரு கூண்டு, அதற்குள் இரண்டு சீமைப் பெருச்சாளிகள், கினிப் பன்றி என்று சொல்லும் வாலில்லாத வளர்ப்புப் பிராணிகள். வெளியே பனி. ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு அடைத்தாகிவிட்டது. குளிருக்காகச் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய்களின் சூட்டில் வீடு வெந்தது. உள்ளே கிளம்பும் வாடைக்கு வெளியே போக வழியே இல்லை.

சாகின் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன். சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுத் திரும்பினான். ஊன்றுகோலுடன் கொஞ்சம் நடப்பான். ஆனால் சிறுநீர் அவன் வசத்தில் இல்லை. அதை மருத்துவரிடம் சொல்லக்கூட அவன் சம்மதிக்கவில்லை. "யார்கிட்டயாவது வாயத் திறந்தே, நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கோ" என்று புருலை மிரட்டி வைத்திருந்தான்.

பெருச்சாளிகளைக் கொண்டுவந்தவன் அவனுடன் வேலை செய்த மெலிஸ். "படுத்தே கெடக்கறவனுக்குப் பேச்சுத்துணை" என்று சொல்லிக் கூண்டோடு வைத்துவிட்டுப் போனான். இரண்டும் பெட்டை. பெரியதற்குச் சாகின் தடிச்சி என்று பெயர் வைத்தான். பயந்தாலும் எரிச்சல் வந்தாலும் அது பின்புறத்தைத் தூக்கிப் பீச்சியடிக்கும். கம்பி வழியாகச் சுவர்வரை தெறிக்கும்.

புருல் செய்து பார்க்காதது இல்லை. முதலில் செய்தித்தாள் விரித்தாள், அரைநாளில் கூழாகிவிட்டது. மரத்தூள் போட்டாள், அது அறையெங்கும் பறந்து தைக்கிற துணியில் ஒட்டியது. பிறகு அடுப்பெரிக்க விற்கும் மரக் குருணையை வாங்கிப் போட்டாள். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சியது. தின்னும்போதுதான் அவை அதிகம் நனைக்கின்றன என்று கவனித்து, ஒரு மூலையில் தட்டு வைத்து, அதற்கு மேலே வைக்கோலைக் கட்டித் தொங்கவிட்டாள். கூண்டைச் சுற்றி மூன்று பக்கமும் பிளாஸ்டிக் தாளைக் கட்டினாள். தினமும் தட்டைக் கொட்டி, படிந்த வெள்ளைக் கறையை வினிகர் ஊற்றிச் சுரண்டுவாள். கை தோல் உரிந்தது. அவ்வளவு செய்தும் வாடை போகவில்லை. ஏன் போகவில்லை என்பது அவளுக்கும் தெரியும், சாகினுக்கும் தெரியும்.

துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுளிப்பார்கள். "இந்தப் பெருச்சாளிங்களாலதான் அக்கா, என்ன கழுவினாலும் போகமாட்டேங்குது" என்பாள் புருல். கட்டிலில் சாகின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

கான்சாயிம் வசதியான வீட்டுக்காரி. மகளின் கல்யாண உடையைப் புருலிடம் கொடுத்திருந்தாள். வெண்பட்டில், கைவிளிம்பெல்லாம் வெள்ளி நூல் வேலை. பித்தான் மட்டும் பாக்கியாக, அதை அலமாரிக் கதவில் தொங்கவிட்டுவிட்டு, புருல் பித்தான் வாங்கச் சந்தைக்குப் போனாள். திரும்பி வரும்போது படிக்கட்டிலேயே கான்சாயிம் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் உள்ளே வந்தார்கள்.

தொங்கிய கல்யாண உடையின் கீழ்ப்பகுதி ஒரு பக்கம் மஞ்சளாக நனைந்திருந்தது.

கான்சாயிம் குனிந்து முகர்ந்து பார்த்தாள். "ஐயோ, மூத்திரம்! கல்யாணத் துணியிலயா?"

அலமாரி இருந்த தூரத்துக்குத் தடிச்சியால் பீச்ச முடியாது. புருலுக்கு அது பார்த்தவுடனே புரிந்தது. ஆனால் பழகிப்போன வாய் முந்திக்கொண்டது. "அந்தத் தடிச்சி வேலதான் அக்கா. நான் இப்பவே அலசிடறேன். கறை தெரியாது."

"எலிய வச்சுக்கிட்டு எதுக்குடி ஊரு துணிய வாங்கறே? மொதல்ல அந்தக் கூண்டத் தூக்கி வெளிய போடு. என் கண்ணு முன்னாடி போடு!"

"போட்டுடறேன் அக்கா. இன்னிக்கே போட்டுடறேன்."

புருல் கூண்டின் கைப்பிடியைப் பற்றினாள். உள்ளே இரண்டும் கீச்சிட்டன. வெளியே வைத்தால் இந்தக் குளிரில் பொழுது சாய்வதற்குள் விறைத்துவிடும்.

"அத விடு புருல்." சாகின் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். "அதுங்க இல்ல. நான்தான். நானே கழிவறைக்குப் போயிடலாம்னு எழுந்தேன். தடுமாறி அலமாரியப் பிடிச்சேன். அதுக்குள்ள..."

கான்சாயிம் வாயைப் பொத்திக்கொண்டாள். உடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு கிள்ளாவது தின்றுவிட்டுப் போகும் ரொட்டி மேசையில் இருந்தது, அதையும் தொடாமல் படியிறங்கினாள்.

"ஏன் சொன்னே?" புருல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லாதேன்னு நீதானே சொன்னே? இவ்வளவு நாள் கட்டிக் காப்பாத்தினேனே!"

"எத்தன நாளைக்கு வாயில்லாத ஜீவன் மேல பழியப் போடறது?"

"அது மேல போடாம வேற யாரு மேல போடறது? உன் மேலயா? நாளைக்கு ஊரே பேசும். ஒருத்தி துணி குடுப்பாளா? நாம எதத் தின்னு உயிர் வாழறது?" பேசிக்கொண்டே வந்தவள் அழுதுவிட்டாள். தடிச்சி பயந்து பீச்சியது. அவள் தோளில் பட்டது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

சாகின் கட்டிலிலிருந்து மெல்ல நழுவித் தரைக்கு வந்தான். தன் போர்வை நுனியால் அவள் தோளைத் துடைத்தான். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான். "இனிமே மறைக்க என்ன இருக்கு?"

அவள் பயந்ததில் பாதி நடந்தது. கான்சாயிம் திரும்பவே இல்லை, அவள் சொல்லிக் கேட்டவர்களும் வரவில்லை. புருல் திரைச்சீலைகளும் தலையணை உறைகளும் தைத்துக் காலத்தை ஓட்டினாள். மருத்துவமனையில் ஒரு செவிலி, சாகினுக்கு மெல்லிய குழாய் வைத்துத் தானே சிறுநீரை எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். முதல் வாரம் அவன் வலியில் பல்லைக் கடித்தான், இரண்டு முறை குழாயைத் தூக்கி வீசினான். பிறகு கை பழகியது. படுக்கை நனைவது குறைந்தது, நிற்கவில்லை.

கூண்டுத் தட்டைக் கழுவும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். உட்கார்ந்தபடியே குருணையை மாற்றுவான், தட்டைச் சுரண்டுவான்.

ஒருநாள் திரைச்சீலை வாங்க வந்த பெண் மூக்கைச் சுளித்தாள். "என்ன வாடை இது?"

புருல் வாயைத் திறப்பதற்குள் சாகின் கட்டிலிலிருந்து சொன்னான்: "பாதி அதுங்களோடது. மீதி என்னோடது."

அந்தப் பெண் சங்கடப்பட்டுக்கொண்டே திரைச்சீலையை வாங்கிப் போனாள். புருல் கதவைச் சாத்திவிட்டு, தையல் மேசையைப் பழையபடி ஜன்னலோரத்துக்கு, அவன் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டாள்.