ஆறு மாதக் கண்ணூறு

1

இந்தக் கதை எனக்கு விபூதி மணக்கும் ஒரு கடித உறைக்குள் கிடைத்தது. 2005 நவம்பரில், லண்டனில் ஓர் இலவச சட்ட ஆலோசனை நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அங்கே கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது. ஆகவே பெயர்களை மாற்றிவிட்டேன். காரின் நிறத்தையும்.

2

யோகராஜாவின் புத்தம்புதுக் கார் நடுத்தெருவில்

(வேண்டாம். காரில் தொடங்கினால் கார்தான் கதாநாயகன் ஆகிவிடும்.)

பிரான்சில் பத்து வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றுவிட்டு லண்டன் நோர்பரிக்கு வந்த யோகராஜா, வாழ்க்கையில் முதல்முறையாக

(இதுவும் பாதியில் நிற்கிறது, அவருடைய காரைப் போலவே.)

சரி, நேரே சொல்கிறேன். மார்ச்சில் வாங்கினார். அன்றே லூயிஷாம் சிவன் கோயிலில் பூசை, நான்கு சில்லுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். மூன்றாம் வாரம், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றது. வேறு யாராயிருந்தாலும் விற்ற கடைக்குப் போயிருப்பார்கள். யோகராஜாவும் மனைவி செல்வமலரும் கோயிலுக்குப் போனார்கள். புதுக் கார் அல்லவா, யாருடைய கண்ணோ பட்டுவிட்டது, கண்ணூறு! அதன்பிறகு நின்ற ஒவ்வொரு முறையும் கார் நம்பருக்கு ஓர் அர்ச்சனை.

ஒக்டோபரில், பின்சீற்றில் மகள் மயூரா இருக்க, பெரிய றோட்டின் நடுவில் நின்றது. பின்னால் வந்த லொறி ஒரு முழம் தள்ளித்தான் நின்றது.

"இனி என்ர பிள்ளை இந்தக் காரில ஏறாது," என்றாள் செல்வமலர்.

அப்போதுதான் கடைக்குப் போனார்கள். ஏழு மாதம் ஓட்டிக் கெடுத்துவிட்டு வருகிறீர்கள் என்றார் மனேஜர்.

3

(முதல் பிரதியில் செல்வமலரை ஒரு பயந்த, அப்பாவிப் பெண்ணாக எழுதியிருந்தேன். என் தவறு. பொறுங்கள்.)

ஆலோசகர் மார்கரெட் சட்டத்தைச் சொன்னார், நான் தமிழாக்கினேன். வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. அந்த ஆறு மாதத்துக்குள் கார் நின்றதற்கு ஆதாரம் உண்டா?

யோகராஜாவின் முகம் விழுந்துவிட்டது. "ஒண்டும் இல்லை, தங்கச்சி. கடைக்கு ஒருக்காக்கூடச் சொல்லேல்லை."

செல்வமலர் கைப்பையிலிருந்து அந்த உறையை எடுத்தாள். உள்ளே ஒன்பது அர்ச்சனைத் துண்டுகள், கோயிலில் கொடுத்த பற்றுச்சீட்டுகள். ஒவ்வொன்றிலும் திகதி, கார் நம்பர். பின்பக்கத்தில் அவள் கையெழுத்து: 'சந்தியில் நின்றது.' 'மயூராவின் பள்ளிக்கூட வாசலில் நின்றது.'

"சாமிக்கு எத்தினை பேரின்ர பிரச்சினை! மறந்துபோவார் எண்டு எழுதி வைச்சனான்."

ஆனால் ஐந்து துண்டுகளில் 'கண்ணூறு' என்றும் இருந்தது. அதைச் சொன்னால், பழுது பிறகு வந்ததாகக் கடைக்காரர் பிடித்துக்கொள்வார் என்று நாக்கு தயங்கியது. கதை எழுதும்போது பொய் சொல்லலாம், மொழிபெயர்க்கும்போது ஏலாது. சொல்லிவிட்டேன்.

மார்கரெட் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தக் கண்ணூறு காரைக் கொடுக்கும்போது இருக்கவில்லை என்று அவர்களே நிரூபிக்கட்டும்!"

யோகராஜா என்னைப் பார்த்தார். "அப்ப பிழை எங்களில இல்லையோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை."

ஏழு மாதம் அடக்கிவைத்த மூச்சை அவர் விட்டார். எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது.

4

முடிவு ஒன்று: நீதிமன்றம் நிறைந்திருந்தது. நீதிபதி விபூதி உறையை

(நடக்கவில்லை. மார்கரெட் கடைக்கு எழுதிய ஒரு கடிதமே போதுமாயிருந்தது.)

முடிவு இரண்டு: கடைக்காரர் ஒருமுறை திருத்திக் கொடுத்தார். கடை வாசலிலேயே, மனேஜர் பார்த்திருக்க, கார் நின்றது. ஜனவரியில் அதற்குப் பதிலாகக் கடையிலிருந்து வேறு புதுக் கார் வந்தது. மயூரா தானே கதவைத் திறந்து ஏறினாள்.

இங்கே முடித்திருப்பேன். ஆனால் செல்வமலர் அன்றும் லூயிஷாம் கோயிலுக்குப் போகச் சொன்னாள்.

"இனி ஏன் துண்டு?" என்றார் யோகராஜா.

"சாமிக்கு ஒண்டு, சட்டத்துக்கு ஒண்டு. ரெண்டு கொப்பி எடுங்கோ."

அந்தப் பத்தாவது துண்டின் பின்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. கதையில் அதற்காக மூன்று வசனம் எழுதி மூன்றையும் வெட்டிவிட்டேன். இனி உங்கள் கை. என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். தயவுசெய்து, 'நின்றது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிள்ளை பின்சீற்றில் இருக்கிறாள்.