புகைபோக்கி பார்க்க வந்தவர்

கதவில் ஒட்டியிருந்த சீட்டை வீப்கே திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். பெயர் மாறவில்லை. குளிர்காலம் தொடங்குவதற்கு முன் வீட்டிலுள்ள கணப்பையும் புகைபோக்கியையும் பரிசோதிக்க வியாழக்கிழமை காலையில் வருவதாக எழுதி, வட்டாரப் பரிசோதகர் என்ற இடத்தில் ஹார்ம் ஊக்கன் கையெழுத்துப் போட்டிருந்தான். அவளுடைய முன்னாள் கணவன்.

பழைய பரிசோதகரான கிழவர் டேட்மர்ஸ் ஓய்வு பெற்றதும், வட்டாரத்துக்குப் புது ஆள் வரப்போவதும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த ஆள் ஹார்மாக இருப்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஓல்டன்பர்க் நகரத்தில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தப் போனவன் அங்கேயே இருந்திருக்கக் கூடாதா?

மறுநாளே மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அங்கிருந்தவர் பொறுமைசாலி. கரி துடைக்க யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம், ஆனால் பரிசோதனை என்று வந்தால் வட்டாரத்துக்கு ஒருவர்தான் என்றார். கதவைத் திறக்காவிட்டால் காவலரைத் துணைக்கு அழைத்துவர அவருக்கு உரிமை உண்டு என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"விவாகரத்து ஆனவங்களுக்குன்னு சட்டத்துல ஒரு வரிகூடவா இல்ல?"

"சட்டம் புகைபோக்கிய மட்டும்தான் பாக்குது மேடம்."

வீப்கே தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் அப்படியே நின்றாள். போகும்போது அவன் யாரையும் கேட்டுக்கொண்டு போகவில்லை. இப்போது திரும்ப உள்ளே வரவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் ஊர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவள். அவள் குரல் குளத்தின் அந்தக் கரைவரைக்கும் கேட்கும். ஆனால் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு மட்டும் அந்தக் குரல் எழும்பவில்லை. வாசல் வரைக்கும் போய்க் கதவைக்கூட அவனுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அதை நினைத்தால் இன்றும் உடம்பெல்லாம் எரியும்.

வியாழக்கிழமை அவன் வந்தான். கறுப்புச் சட்டை, இரண்டு வரிசைப் பொன்னிறப் பொத்தான், தோளில் சுருட்டிய கம்பியும் பிரஷும். எதிர்வீட்டுத் தால்கே அவனைப் பார்த்ததும் அடுப்பில் இருந்ததைக்கூட அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து, புகைபோக்கிக்காரரின் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்ற ஊர் நம்பிக்கைப்படி அவன் பொத்தானைத் தொட்டுவிட்டுச் சிரித்தாள். அவனும் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான். வீப்கே ஜன்னலருகில் நின்று அதைப் பார்த்தாள். இவனால் எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம் போதாதா என்று பல்லைக் கடித்தாள்.

மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கதவு திறக்கும் முன்பே கைப்பிடியைத் திருகினான்.

"எப்படி இருக்க வீபி?"

அந்தச் செல்லப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லி ஐந்து வருஷம் ஆகிறது. அவள் அதற்குப் பதில் சொல்லாமல், "கணப்பு முன்னறையில இருக்கு. பாருங்க" என்றாள். அந்த 'பாருங்க' அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

காலணியைத் துடைக்காமலே உள்ளே போனான். பரணுக்குப் போகும் படி எங்கே என்று கேட்கவில்லை. டார்ச் விளக்குக்காக அலமாரியின் கீழ் இழுப்பறையைத் தானே இழுத்தான். அதில் இப்போது அவளுடைய உள்ளாடைகள் இருந்தன. "அட, மாத்திட்டியா" என்று சிரித்தபடி அடுத்ததை இழுத்தான். வீப்கேயின் முகம் சுருங்கிக் கறுத்தது.

கணப்பைப் பார்த்ததும் அவன் உதட்டைப் பிதுக்கினான். அந்த இரும்புக் கணப்பு அவன் போன பிறகு அவள் தானே வாங்கி வைத்தது. நாள் முழுக்க ஊர்க் கரியைத் தின்றுவிட்டு வருகிறவன் வீட்டிலும் கரியா என்று சொல்லி, இருந்த காலமெல்லாம் அவன் அதை வாங்கவிடவில்லை. வீட்டில் பேருக்கு எரிவாயுச் சூடு இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் குளத்தில் நனைந்து ஊறி வருகிறவளுக்குச் சாயங்காலம் தீயெதிரில் உட்கார்ந்து, கற்கண்டு போட்ட தேநீரில் பாலேட்டை மிதக்கவிட்டுக் குடிக்கிறதுபோல ஒரு சுகம் வேறெதிலும் இல்லை. விறகுகூட வெட்டி அடுக்கித் தயாராக இருந்தது.

அவன் பரணில் ஏறினான், இறங்கினான், புகைபோக்கிக்குள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். கடைசியில் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்துக் கணப்பின் கதவில் கட்டினான்.

"புகைபோக்கிக் குழாய்ல விரிசல் இருக்கு. உன் படுக்கையறைச் சுவத்துக்குப் பின்னாடி. சரி பண்ற வரைக்கும் பத்த வைக்கக் கூடாது."

"போன வருஷம் டேட்மர்ஸ் பாத்துட்டு நல்லா இருக்குன்னாரே?"

"அவருக்குக் கண்ணு போயி ரொம்ப நாளாச்சு" என்றான். அப்புறம் சமையலறைக்குப் போய், அலமாரியைத் திறந்து குவளை எடுத்து, குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்து, குவளையைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்கு முழுக்க வீப்கேக்கு வேலை ஓடவில்லை. இது வஞ்சம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வேண்டாம் என்றவன் பேச்சை மீறி வைத்த கணப்பு. அதிகாரம் கிடைத்த முதல் நாளே மூட வைத்துவிட்டான். அவனுடைய பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்து மாவட்ட அலுவலகத்தின் மேசையில் போட்டால்தான் தூக்கம் வரும்போல் இருந்தது. எம்டன் நகரிலிருந்து போப்பிங்கா என்ற பெண்ணை வரவழைத்தாள். அவளும் இதே தொழில் பார்க்கிறவள். அவளிடம் ஹார்ம் யார் என்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

போப்பிங்கா மணியடித்து, கதவு திறக்கும்வரை நின்று, காலணிக்கு உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். நீளமான கம்பியின் நுனியில் சின்னக் காமிராவைக் கட்டிப் புகைபோக்கிக்குள் இறக்கினாள். கையிலிருந்த திரையில் கறுப்புச் சுவர் மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. பிறகு அதில் ஒரு வாய் பிளந்திருந்தது. விரலை விட்டுப் பார்க்கலாம்போல அகலம்.

"இதுக்குப் பின்னாடி என்ன அறை?"

"நான் தூங்குற அறை."

போப்பிங்கா திரையை அவள் பக்கம் திருப்பினாள். "நீங்க குடுத்து வச்சவங்க. இது வழியா விஷப்புகை வந்திருந்தா தூக்கத்துலயே உயிர் போயிருக்கும். இதக் கண்டுபிடிச்சவரு சும்மா எட்டிப் பாத்துட்டுப் போகல. ஒழுங்காப் பாத்திருக்காரு" என்றாள்.

இதைக் கேட்டு வீப்கேக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். போன குளிர்காலத்து இரவுகளை நினைத்து அவளுக்குப் பயம் வரத்தான் செய்தது. ஆனால் பயம் அடங்கியதும் கோபம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்து வந்தது. பொய் சொல்லியிருந்தால் அவனை வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். இப்போது நன்றி வேறு சொல்ல வேண்டுமா? யோசிக்க யோசிக்க, தன் கோபம் விரிசலைப் பற்றியதே அல்ல என்பது அவளுக்குப் புரிந்தது. அந்த இழுப்பறை, அந்த 'வீபி', கழுவாமல் போட்டுவிட்டுப் போன குவளை, இவைதான் உள்ளே கிடந்து குடைந்தன.

புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்கிச் சரிசெய்து முடிக்க நவம்பர் ஆகிவிட்டது. வேலை சரியாக நடந்திருக்கிறது என்று வட்டாரப் பரிசோதகர் பார்த்துச் சொன்னால்தான் தீ மூட்ட முடியும். மறுபடியும் ஹார்ம்.

அவன் கைப்பிடியைத் திருகினான். கதவு உள்ளே பூட்டியிருந்தது. வீப்கே திறந்து, நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வீபி, நான் சொன்னது சரியாப் போச்சா?"

"விரிசல் விஷயத்துல நீங்க சொன்னது சரி. அதுக்கு நன்றி. ஆனா இது என் வீடு. மணியடிச்சா நான் வந்து திறக்கற வரைக்கும் நிக்கணும். எதாவது வேணும்னா என்னைக் கேக்கணும், நீங்களா எதையும் திறக்கக் கூடாது. எனக்கு வீபின்னு பேர் இல்ல. என் குடும்பப் பேர் டீகன்; உங்களுக்கு நான் டீகன் மேடம்."

அவன் சிரித்தான். "எட்டு வருஷம் இந்த வீட்லதான் இருந்தேன்."

"இருந்தீங்க. அப்புறம் போயிட்டீங்க."

சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்கியது. "நான் இப்பத் திரும்பிப் போனா உன் கணப்பு எரியாது, தெரியும்ல?"

"தெரியும். போங்க."

அவன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். அவள் நகரவில்லை. பிரஷைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான்.

இதையெல்லாம் எதிர்வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தால்கே சாயங்காலம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "என்னடி இது, ஒரு 'வீபி'க்காகக் குளிர்ல கிடப்பியா?"

"கிடப்பேன்."

"அவன் பழக்க தோஷத்துல சொல்லியிருப்பான்டி."

"என்னை விட்டுட்டுப் போனப்ப அந்தப் பழக்கம் எங்க போச்சாம்?" என்றாள் வீப்கே. பேச்சு அடுத்த தெருக் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

கடலிலிருந்து வந்த ஈரக்காற்று அந்த வாரம் ஜன்னல் இடுக்கெல்லாம் புகுந்தது. வீப்கே கம்பளியைச் சுற்றிக்கொண்டு, அட்டை தொங்கிய கணப்பின் எதிரிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தாள். மாவட்ட அலுவலகத்துக்கு அவள் இந்தத் தடவை தொலைபேசி செய்யவில்லை. செய்திருந்தால் அந்தப் பொறுமைசாலி ஏதாவது வழி பார்த்திருப்பார்தான். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஹார்ம் தானாக வரவேண்டும்.

வந்தான். மழைத் தூறலில் மணியடித்துவிட்டுப் படியில் நின்றான். அவள் வேண்டுமென்றே மெதுவாகப் போனாள். கதவைத் திறந்தபோது அவன் தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"டீகன் மேடம்" என்றான், மென்று துப்புகிறவன்போல. "புகைபோக்கியப் பாக்க வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

"வாங்க."

மிதியடியில் காலைத் துடைத்தான். பரணுக்குப் போகலாமா என்று கேட்டான், அவள் தலையசைத்தாள். குழாயைத் தட்டிப் பார்த்து, வேலையை முடித்து, சிவப்பு அட்டையை அவிழ்த்துப் பையில் திணித்தான். வாசலில் நின்று ஏதோ சொல்ல வந்தவன்போல அவளைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் சொல்லாமல் விட்டது எதையாவது இப்போது சொல்வானோ என்று ஒரு கணம் தோன்றியது.

"காஞ்ச விறகா எரிங்க" என்றான். "ஈர விறகு கூடாது."

"சரி" என்று கதவைச் சாத்தினாள்.

அவளுக்கு வெற்றி பெற்றதுபோல இல்லை. அழுகைகூட வந்தது. அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, மண்டியிட்டு, சிறாய்களை அடுக்கித் தீக்குச்சியைக் கிழித்தாள். புதுக் குழாய் காற்றை இழுத்த வேகத்தில் தீ உடனே பற்றிக்கொண்டது.