பச்சை முதலா, ஆரஞ்சு முதலா

1

இந்தக் கதை மலையூரான தானா ராத்தாவில் நான் வாங்கிய ஒரு பிளக் பாக்கெட்டில் பிறந்தது. இன்டர்நெட் கேபிளின் முனையில் மாட்டுகிற சின்ன பிளக்; உள்ளே எட்டு வயர் போகும். பாக்கெட்டின் பின்பக்கம் இரண்டு வரிசை போட்டிருந்தது. ஒன்றில் பச்சை முதலில், இன்னொன்றில் ஆரஞ்சு முதலில். இரண்டுமே சரியாம். ஆனால் கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டுமாம். "இது கல்யாணம்லா" என்று கடை நடுவில் கத்திவிட்டேன். கடைக்காரர் கல்லாவைப் பூட்டினார்.

2

பனி மூடிய தேயிலைச் சரிவில் குமுதா தன்னந்தனியாக...

(அடித்துவிட்டேன். பனி இல்லாமல் மலையில் கதையே நடக்காதா?)

குமுதா எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. அவள் வேலையை விட்டால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் விட வேண்டும். அப்பா இருளப்பன் அந்த வீட்டில்தான் இருக்கிறார். அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் புனிதன் மலையின் மறுகோடியில் உள்ள கம்போங் ராஜாவில் இப்போதுதான் கண்காணிப்புக் கேமராவும் கேபிளும் மாட்டுகிற கடை திறந்திருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு யார் யாரிடம் போவது? (தினம் போய் வரலாமே என்பவர்கள் சுற்றுலாக் கூட்டம் நெரியும் ஒரு சனிக்கிழமை அந்த மலை ரோட்டில் கார் ஓட்டிவிட்டு வந்து பேசவும்.)

3

ஆபீஸிலிருந்து கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குக் கேபிள் இழுக்க வந்தான் புனிதன். குமுதா பச்சைதான் முதல் என்றாள், அவன் ஆரஞ்சு என்றான். சண்டை முற்றி ஒப்பந்தமானது. ஆபீஸ் முனையை அவள் மாட்டுவாள், கொட்டகை முனையை அவன். எந்த வரிசை என்று சொல்லக் கூடாது. கேபிள் செருகிய பெட்டியில் விளக்கு எரிந்தால் யாரோ விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். விட்டுக்கொடுத்தவர் மற்றவர் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும்.

எரியாது என்றுதான் எழுதினேன். இரண்டும் பிடிவாதம் பிடிக்க, கல்யாணம் நிற்க, நான் அழுதுகொண்டே முடிப்பதாகத் திட்டம்.

(அடிக்குறிப்பு, இடம் தவறி வந்துவிட்டது: கேபிள் வேலை தெரிந்த நண்பர் தோமஸ் படித்துவிட்டுச் சிரித்தார். இந்தக் காலத்துப் பெட்டிகள் இரண்டு முனையிலும் வரிசை வேறுவேறாக இருந்தாலும் தாமே சரிசெய்துகொள்ளுமாம். என் உச்சக்கட்டம் கோவிந்தா.)

4

ஆகவே விளக்கு எரிந்தது.

ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கலாம். இருவருமே பிடிவாதமாக இருந்திருக்கலாம். இருவருமே விட்டுக்கொடுத்திருக்கலாம், அய்யோ, இதை எழுதும்போதே எழுந்து ஆட வேண்டும்போல இருக்கிறது. இன்னொன்று: கடை வைத்திருக்கும் புனிதனுக்கு இந்தப் பெட்டிகளின் குணம் தெரியாதா? தெரிந்தேதான் ஒப்புக்கொண்டானா, எப்படியும் எரியட்டும் என்று? அப்படியானால் இந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

5

இருவரும் ஓடிவந்து தேயிலைக்கு நடுவே மூச்சு வாங்க நின்றார்கள்.

"உன் பக்கம் என்னா கலரு மொதல்ல?" என்றான் புனிதன்.

"எரியுதுல்ல, விடுலா" என்றாள் குமுதா.

போய்ப் பார்க்கலாம். பார்க்க வேண்டுமானால் பிளக்கைக் கழற்ற வேண்டும், கழற்றினால் விளக்கு அணையும். அவர்களுக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான்.

லைன் வீட்டு வாசலில் இருளப்பன் பாதி கட்டிய பாத்திர மூட்டையோடு நிற்கிறார். "கட்டவா, அவுக்கவா?" என்கிறார். நான் குனிந்து எழுதுகிற பாவனையில் இருக்கிறேன். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.