எட்டுப் பேர் பேசும் அலை

சித்தேரி மலையில் டவர் வந்த பிறகுதான் சுமலதாவும், அவளுக்கு நிச்சயம் செய்திருந்த சின்னராஜும் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். அவனுக்குப் பாலக்கோடு தக்காளி மண்டியில் வேலை. பொழுது சாய்ந்தால் போன் அடித்துவிடுவான். ஒருநாள் அவள் துணிந்து, "கல்யாணத்துக்குள்ள அந்த மீசைய எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வூட்டு ராமக்கா, "உன் மாப்பிள்ளைக்கு மீசைதான் அழகே" என்றாள். சுமலதாவுக்குத் திக்கென்றது. ரேஷன் கடையில் மாரியப்பன், "நம்ம டவருல ஒரே அலையில எட்டுப் பேரு பேசறாங்களாமே!" என்று ஆச்சரியப்பட்டதும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. ஊரே கேட்டிருக்கிறது! அதோடு அவன் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

பொறுத்துப் பார்த்த சின்னராஜ் ஞாயிற்றுக்கிழமை அரூரில் பஸ் மாறி சித்தேரியில் வந்து இறங்கினான். மூக்குக்குக் கீழே மழமழவென்றிருந்தது.

"அதான் எடுத்துட்டேனே, இன்னும் என்ன கோவம்?"

"கோவமில்லீங்க, வெக்கம்" என்று அவள் நடந்ததைச் சொன்னாள்.

அவன் முகம் வெளுத்தது. "அப்ப நான் பாடினதும் கேட்டிருக்குமா?"

இருவரும் டவரடிக்கே போனார்கள். பேட்டரி மாற்ற வந்திருந்த டெக்னீஷியன் ஜாஸ்மின் அவர்கள் கேட்டதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எட்டுப் பேரு பேசறது நெசந்தாங்க. ஆனா முறை வெச்சு. உங்க பேச்சப் பொடிப்பொடியா நறுக்கி, ஒரு துண்டு போனதும் அடுத்தவரோடது, அப்புறம் அதுக்கடுத்தவரோடதுன்னு அனுப்புது. நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல உங்க முறை வந்துரும். உங்க போனு உங்க துண்டுகள மட்டும் எடுத்து ஒட்டிக்கும். இடையில விட்டுப்போனது காதுக்கே தெரியாது. அதுலயும் பூட்டுப் போட்டுத்தான் அனுப்பறது. யாருக்கும் கேக்காது."

"அப்பறம் ராமக்காவுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

சின்னராஜ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ஏம்புள்ள, நீ போன்ல எவ்வளவு சத்தமாப் பேசற, தெரியுமா?"

சுமலதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராமக்கா வூட்டுக்கும் அவள் வூட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

அன்று சாயங்காலம் அவன் ஊர் திரும்பியதும், அவள் போனை எடுத்துக்கொண்டு சாமைக் காட்டின் நடுவே போய் நின்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அவனிடம் இதுவரை சொல்லாத ஒன்றை மெல்லச் சொன்னாள்.

"ஒண்ணும் கேக்கல புள்ள," என்றான் சின்னராஜ், "கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்!"